செவ்வாய்க்கிழமை ஏழு நிமிடம்

காப்பி நன்றாக இருந்தால் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். காப்பி மெஷின் கெட்டுப்போனால்தான் பேசுகிறார்கள்.

இதை முதலில் எழுதக் காரணம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. வக்கீல் எனக்கு ஒரு பேனாவும் வெள்ளைத்தாள் கட்டு ஒன்றும் கொடுத்திருக்கிறார். நடந்ததை வரிசையாக, கைப்பட எழுதச் சொன்னார். நான் எழுதி முடிக்கும்வரை இந்த மீட்டிங் ரூமைவிட்டு யாரும் நகரப்போவதில்லை என்றும் சொன்னார். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அறை பன்னிரண்டு பேருக்கானது. இப்போது முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் நிற்கிறார்கள். ஒரு தாள் முடிந்ததும் லிஃப்ட் அதை எடுத்துச் சத்தமாகப் படிக்கிறார். லிஃப்ட் என்பது பட்டப்பெயர். லிஃப்டுக்குள் ‘கதவு மூடுகிறது’, ‘மூன்றாவது தளம்’ என்று சொல்லும் குரல் அவருடையது. அதுதான் தொழில். கோபத்திலும் அவருக்கு வேறு மாதிரி படிக்க வருவதில்லை. என் முதல் வரியை மூன்றாவது தளம் வந்துவிட்டது போலப் படித்தார். கேட்க நன்றாக இருந்தது.

நான் இந்த இடத்தின் மேலாளர். வாசலில் கோவொர்க்கிங் என்று போட்டிருக்கிறோம். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் ஆளுக்கொரு மேசையை வாடகைக்கு எடுத்து, ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். வக்கீலும் லிஃப்டும் அப்படி வந்தவர்கள்தான். முன்பு இது குளியலறைச் சாமான் விற்கும் கடை. கூடத்தின் நடுவில் இன்னும் இரண்டு வாஷ்பேசின்கள் நிற்கின்றன. குழாயில் தண்ணீர் வராது. புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்ப்பார்கள்.

தளம் என் அக்கா வீட்டுக்காரருடையது. சாவியைக் கொடுத்த அன்று அவர் சொன்னார்:

“மேசை யாரு வேணா போடலாம் மாப்ள. ஆளுங்க ஒட்டணும். ஒட்டினாத்தான் நிப்பாங்க.”

ஒட்டவைப்பதுதான் என் வேலை என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டேன்.

முதல் எட்டு மாதம் நேர்மையான வழிகளில் முயன்றேன். காலையில் வருவார்கள். காதில் ஹெட்ஃபோனை மாட்டுவார்கள். சாயங்காலம் கழற்றுவார்கள். போவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று நீளமாக ஒரு மேசை செய்து போட்டேன். வந்தார்கள். தட்டில் போட்டுக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். மேசை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் மட்டும் சொன்னார். ‘ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வோம்’ என்று சுவரில் எழுதி ஒட்டினேன். மறுநாள் அதன் கீழே யாரோ ‘மெதுவாக’ என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா வீட்டுக்காரர் வந்து கூடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“என்ன மாப்ள, டோக்கன் வாங்கிட்டு டாக்டருக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்காங்க.”

அவர் காரணத்தோடுதான் சொன்னார். ஒரு பல் டாக்டர் தளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஒரு வருடம் பொறுப்பேன், அதற்குப் பிறகு டாக்டரை அழைத்துவந்து காட்டுவேன், அன்றைக்கும் இப்படியே இருந்தால் கொடுத்துவிடுவேன் என்றார். போகும்போது வாஷ்பேசின்களைத் தட்டிப் பார்த்து, “அவருக்கு இதுகூட ரெடியா இருக்கு” என்றார்.

அதற்கடுத்த வாரம் காப்பி மெஷின் கெட்டது. தானாகக் கெட்டது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

பதினான்கு பேர் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். ஒருவர் மெஷினின் முதுகில் தட்டினார். வக்கீல், எனக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லி, கார் சாவியால் மூடியை நெம்பினார். சாவி முறிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் வக்கீலும் சிரித்தார். இருபத்திரண்டு நிமிடம். நான் ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துத் தேதி, பழுதானது, கூடியவர்கள், நிமிடம் என்று நான்கு கட்டம் போட்டுக் குறித்துவைத்தேன். அந்த எண்ணிக்கையில் என்னைச் சேர்ப்பதில்லை. நான் இங்கே ஊழியன்.

மறுநாள் மெக்கானிக் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். கூடம் பழையபடி ஆனது. வியாழக்கிழமை நான் மெஷினிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். அது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு இணையம். இதற்குக் கொஞ்சம் ஆராய்ச்சி தேவைப்பட்டது. நான்கு நிமிடம் நிறுத்தினால் உட்கார்ந்த இடத்திலேயே பொறுத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் நிறுத்தினால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஏழு நிமிடம் நிறுத்தினால் எழுந்து நிற்கிறார்கள். பக்கத்து மேசையைப் பார்க்கிறார்கள். “உங்களுக்கு வருதா?” என்று கேட்கிறார்கள். மனித உறவெல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு நின்று பன்னிரண்டு பதினேழுக்கு வரும்படி ரவுட்டரில் நேரம் குறித்தேன். பொம்மை விற்பவரும் படம் வரைபவரும் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாகப் பேசினார்கள். இன்று தொழிலில் கூட்டாளிகள். இரண்டு பேரும் இப்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார்கள்.

ஆனால் வாரத்துக்கு ஏழு நிமிடம் போதாது. நாள் முழுக்கப் பேச ஏதாவது வேண்டும். அதற்காகத்தான் சாப்பாட்டை எடுத்தேன்.

எல்லோரும் காலையில் டப்பாவைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். முதலில் எடுத்தது வக்கீலுடையது. அவர் ஃப்ரிட்ஜில் தேடினார், காரில் தேடினார், பிறகு மனைவிக்குப் போன் செய்து, “இன்னிக்குச் சாப்பாடு குடுத்தியா இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் விளைவு மூன்று நாள் நீடித்ததாகப் பின்னால் சொன்னார். அதற்காக மட்டும் வருந்துகிறேன்.

தினமும் எடுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று. காலை பத்தரைக்கு, மற்றவர்களுக்குப் பசி எடுப்பதற்கு முன், சாமான் அறையில் பழைய டைல்ஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவேன். வீணாக்கியதில்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்துவிடுவேன். எல்லோரையும் கலக்கியது அதுதான். படம் வரைபவர் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று மெல்லிய குரலில் சொன்னார்:

“திருடன் கழுவி வைக்க மாட்டான். இது வேற ஏதோ.”

அன்றைக்குக் கூடியவர்கள் பத்தொன்பது பேர். நாற்பது நிமிடம்.

ஒரு மாதத்தில் உணவுப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். தலைவராக யாரைப் போடலாம் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கைதட்டினார்கள். நான் மறுத்துப் பார்த்தேன்.

சாப்பிடச் சாப்பிட இவர்களை எனக்கு நெருக்கமாகத் தெரிய ஆரம்பித்தது. வக்கீல் வீட்டில் மிளகு தாராளம். பொம்மை விற்பவர் டப்பாவில் அடியில் ஒரு முட்டையை ஒளித்துவைப்பார், தனக்கே ஆச்சரியம் தருவதற்காக. லிஃப்ட் வீட்டில் திங்கட்கிழமை மட்டும் அம்மா சமைக்கிறார். எட்டு மாதமும் அதற்குப் பிறகும் என்னை யாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

லிஃப்ட் இந்தத் தாளைப் படித்தபோது ‘திங்கட்கிழமை’ என்ற இடத்தில் குரல் ஒரு தளம் கீழே போனது.

இப்போது பத்தொன்பதைப் பற்றி. இதுவும் பெயர் இல்லை, அவருடைய மேசை எண். இயந்திரங்களோடு வரும் கையேடுகள் எழுதுபவர். தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறார். ‘பிளக் செருகப்பட்டுள்ளதா என்று பார்க்கவும்’ என்ற வரியை எழுதி எழுதி மனிதர்களோடும் அப்படியேதான் பேசுவார். அதனால் அதிகம் பேசுவதில்லை. மருத்துவமனைக் கட்டில் செய்யும் ஒரு பெரிய கம்பெனி அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறது, அந்த ஒரு போனுக்காக மனிதர் தவம் கிடக்கிறார் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். போன் அடித்தால் ஹெட்ஃபோனைக் கழற்றும் ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் என் மேசைக்கு ஒரு தாளோடு வந்தார்.

“சார், ஒம்பது வாரமா குறிச்சுட்டு வர்றேன். செவ்வாக்கிழமை பன்னெண்டு பத்து. ஏழு நிமிஷம். ஒரு தடவகூடத் தவறல.”

அப்படியா என்றேன்.

“கோளாறு இவ்ளோ ஒழுக்கமா வராது சார். எங்கயோ டைமர் இருக்கு. நான் வேணா ரவுட்டரைத் திறந்து பாக்கட்டுமா? சும்மாதான், காசெல்லாம் வேணாம்.”

உதவி செய்யத்தான் வந்தார். நான் நன்றி சொன்னேன். அந்த வாரம் எடுத்த டப்பாக்களை மூடியில்லாமல் திருப்பி வைத்தேன்; மூன்று மூடிகளையும் ஒரு சாயங்காலம் அவருடைய இழுப்பறையில் வைத்தேன்.

இதை விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பலர் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், ஒன்றாக இல்லாத ஒருவர் வேண்டும். பத்தொன்பது ஏற்கெனவே யாரோடும் சேராமல்தான் இருந்தார். நான் அதை முறைப்படுத்தினேன்.

குழுத் தலைவர் என்ற முறையில், எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்க்கலாம், என்னுடையதிலிருந்தே தொடங்கலாம் என்றேன். ரப்பர் வளையத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பதாவது மேசையில் மூடிகள் கிடைத்தன. அவர் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என் டப்பாவோட மூடி இல்லையே” என்றார்.

“அதைத்தான்யா நாங்களும் சொல்றோம்” என்றார் வக்கீல்.

பத்தொன்பது வாதாடவில்லை. சார்ஜரைச் சுற்றினார். கண்ணாடித் துணியை மடித்தார். கையேடுகளை அளவு வாரியாக அடுக்கினார். போகும்போது வாஷ்பேசின் குழாய் லேசாகத் திறந்திருந்ததைப் பார்த்து, அதை மூடிவிட்டுப் போனார்.

அன்று பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் நின்று பேசினார்கள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். என் நோட்டில் அதுவரை அதுதான் அதிக நேரம்.

அதற்குப் பிறகு சாப்பாட்டை எடுக்க முடியாது. எடுத்தால் அவர் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும். நான் கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதினால் யாரும் அனுதாபப்பட மாட்டார்கள். மூன்று வாரத்தில் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான்காவது வாரம் ஹெட்ஃபோன்கள் திரும்பிவந்தன. செவ்வாய்க்கிழமை ஏழு நிமிடத்துக்கும் பழகிவிட்டார்கள். அந்த நேரத்தில் கழிவறைக்குப் போனார்கள். அப்போது பார்த்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். வருடம் முடியப்போகிறது, பல் டாக்டரோடு செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று தேதியும் சொன்னார். இன்றைய தேதி.

ஐந்தாவது வாரம் வக்கீலின் டப்பாவை எடுத்தேன். மிளகு அப்படியே இருந்தது.

எதிர்பார்த்தபடி எல்லோரும் ஃப்ரிட்ஜ் முன்னால் கூடினார்கள். அதற்குமேல் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. லிஃப்ட் மெதுவாகச் சொன்னார்:

“அப்ப அவர் எடுக்கல.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சந்தேகம் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். வெட்கம் அதைவிட நன்றாக ஒட்டுகிறது. அன்று சாயங்காலமே இருபத்துமூன்று பேர் ஐந்து கார்களில் பத்தொன்பதின் வீட்டுக்குப் போனார்கள். வக்கீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். நான் போகவில்லை. யாராவது இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் நான் செய்துபோட்ட நீள மேசையில் சாப்பிட்டார்கள். முதல்முறையாக அந்த மேசையில் இடம் போதவில்லை. அவருக்கு ஆளுக்கொரு கரண்டி எடுத்து வைத்தார்கள். கட்டில் கம்பெனி என்ன ஆயிற்று என்று பொம்மை விற்பவர் கேட்டார்.

“வர்ற மாதிரிதான் இருந்துச்சு. ஏன்னு தெரியல, வேற ஆளை எடுத்துட்டாங்க” என்றார் பத்தொன்பது.

அரைமணி நேரம் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நான் தண்ணீர் ஜாடியை நிரப்பிக்கொண்டே கேட்டேன். கூடியவர்கள் இருபத்தெட்டு.

திரும்பிவந்த பத்தொன்பது தன் வேலையைச் செய்தார். ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பத்து நிமிடம் பேசினார். நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினார். அது இப்போது இந்த மேசையில் என் முன்னால் கிடக்கிறது. தலைப்பு ‘சாப்பாடு காணாமல் போனால்’. இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் சோதனை. முதல் காரணம், ‘வீட்டிலேயே மறந்திருக்கலாம்’. அதை அடித்திருக்கிறார். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அடித்திருக்கிறது. இது போன்ற கையேடுகளின் கடைசி வரி வழக்கமாக ‘சரியாகாவிட்டால் மேலாளரை அணுகவும்’ என்று இருக்கும். இதில் ‘மேலாளரை அணுக வேண்டாம்’ என்று இருக்கிறது.

இன்று காலை ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. அதில் பெயரும் இல்லை. யோசித்திருக்க வேண்டும். ஆனால் மணி பத்தரை ஆகியிருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சீட்டு. ‘சாப்பிட்டு முடித்ததும் மீட்டிங் ரூமுக்கு வரவும். எல்லோரும் காத்திருக்கிறோம்.’

எல்லோரும் காத்திருக்கிறோம் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். வந்தேன்.

“சாப்பாடு எப்படி சார் இருந்துச்சு?” என்று கேட்டார் பத்தொன்பது. சமைத்தது அவர்தானாம்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றேன்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். பத்தொன்பது அதையும் குறித்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டுக்காக இன்று யாரும் சாப்பாடு கொண்டுவரவில்லை. அறையில் பசியில்லாமல் இருப்பது நான் ஒருவன்தான்.

இப்போது பன்னிரண்டு பத்து. இணையம் நின்றுவிட்டது. எல்லோரும் போனைப் பார்த்தார்கள், பிறகு பத்தொன்பதைப் பார்த்தார்கள். பத்தொன்பது கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். “எத்தனை செவ்வாக்கிழமை நான் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுத் திட்டியிருக்கேன்” என்றார் வக்கீல். பதற வேண்டாம், ஏழு நிமிடத்தில் வந்துவிடும்.

அவ்வளவுதானா என்று வக்கீல் கேட்கிறார். அவர்கள் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். வளையத்தையும் டைமரையும் மூடிகளையும் நானாகத்தான் எழுதினேன். இன்னும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அரைகுறையாக எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

பத்தொன்பது போன இரண்டாவது வாரம், வரவேற்பு மேசைக்கு ஒரு போன் வந்தது. மருத்துவமனைக் கட்டில் கம்பெனி. வேலைக்கு எடுப்பது முடிவாகிவிட்டதாம். விண்ணப்பத்தில் இந்த விலாசம் இருக்கிறது, வழக்கமான விசாரிப்பு, ஆள் எப்படி என்று கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை.

“இங்கதான் இருந்தார். இப்ப இல்ல. ஏன் போனார்னு நான் சொன்னா நாகரிகமா இருக்காது” என்றேன்.

அவர்கள் நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அந்த வேலை கிடைத்திருந்தால் அவர் அங்கே போயிருப்பார். இருபத்துமூன்று பேர் வீடு தேடிப் போயிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார். அந்த நீள மேசையில் அன்றைக்கு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒருவரிடமிருந்து எடுத்தேன் என்று இதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் கொடுத்தேன் என்றும் பார்க்கலாம். நான் இரண்டாவது விதமாகத்தான் பார்க்கிறேன்.

இந்தத் தாளை லிஃப்ட் முழுதாகப் படிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, பத்தொன்பதிடம் கொடுத்துவிட்டார். அவர் இரண்டு முறை படித்தார், அச்சுப் பிழை பார்ப்பவர் போல விரலை வைத்து.

“அவங்க எந்தக் கிழமை சார் கூப்பிட்டாங்க?”

“வியாழன்.”

அவர் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகும் பேனாவை மூடவில்லை. பொம்மை விற்பவர் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு படம் வரைபவர். பிறகு வக்கீல். இடமே இல்லாத அறையில் எல்லோரும் எப்படியோ அவர் பக்கமாக நகர்ந்துவிட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கு நிறைய இடம் கிடைத்தது.

கண்ணாடிக்கு வெளியே அக்கா வீட்டுக்காரர் நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர் பல் டாக்டராக இருக்க வேண்டும். கண்ணாடி தடிமனானது, சத்தம் வெளியே போகாது. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் முப்பத்தொரு பேரை இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருவர் காதிலும் ஹெட்ஃபோன் இல்லை. டாக்டர் ஏதோ சொல்லிவிட்டு, இல்லை என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி நடந்தார். அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பன்னிரண்டு பதினேழு. இணையம் வந்துவிட்டது. எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. ஒருவர்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

வக்கீல் கையெழுத்துக் கேட்கிறார். போடுகிறேன். அதற்கு முன் என் நோட்டுப்புத்தகத்தை வாங்கி இன்றைய தேதியை எழுதினேன். பழுதானது: எதுவும் இல்லை. கூடியவர்கள்: முப்பத்திரண்டு. இந்த ஒரு முறை என்னையும் சேர்த்துக்கொண்டேன்.